காலும் இல்லை, துடுப்பும் இல்லை: மலேரியா கிருமி நம் இரத்தத்தில் நுழைவது எப்படி?

மலேசியாவில் 2018-ஆம் ஆண்டு ஒரு நல்ல செய்தி வந்தது. மனிதர்களிடையே பரவும் மலேரியா அந்த ஆண்டு உள்நாட்டில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆனால், அதே ஆண்டில் 4,000-க்கும் மேற்பட்டோர் வேறொரு மலேரியாவால் பாதிக்கப்பட்டனர். அதுதான் குரங்கு மலேரியா. நீள்வால் குரங்கு, பன்றிவால் குரங்கு ஆகியவற்றின் உடலில் வாழும் 'பிளாஸ்மோடியம் நோலெசி' என்ற ஒட்டுண்ணி, அனோபிலிஸ் கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. காட்டோரத்தில் உள்ள செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள், காட்டுக்குள் போய்வருபவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம்.

இந்த ஒட்டுண்ணி ஒரே ஓர் உயிரணுவால் ஆனது. அதற்குத் தசை கிடையாது, நரம்பு கிடையாது. அப்படியிருந்தும், கொசு கடித்த இடத்திலிருந்து இரத்தக் குழாயைத் தேடிப் போகிறது. பிறகு கல்லீரலை அடைந்து, அங்கிருந்து இரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. இந்தப் பயணத்துக்கு உந்துசக்தி தருபவை இயக்கப் புரதங்கள்.

இயக்கப் புரதம் என்றால் என்ன?

உயிரணுவுக்குள் தண்டவாளம் போன்ற மெல்லிய இழைகள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு அடியெடுத்து நகரும் புரதங்களே இயக்கப் புரதங்கள். இவற்றுக்கு எரிபொருள் 'ஏடிபி' என்ற மூலக்கூறு. இவற்றில் மூன்று குடும்பங்கள் முக்கியமானவை. மயோசின், ஆக்டின் என்ற இழையின்மேல் நகரும். கைனீசினும் டைனீனும் நுண்குழல்களின்மேல் நகரும். கைனீசின் ஓர் அடி வைத்தால் அது கடக்கும் தூரம் 8 நானோமீட்டர்தான்.

நாம் கையை மடக்கும்போது தசையில் வேலை செய்வது மயோசின். குட்டை நீரில் வாழும் பாரமீசியம் தன் உடலைச் சுற்றியுள்ள குறுமயிர்களை அசைத்து நீந்துவது டைனீனால். அமீபா ஊர்ந்து போவதற்கு ஆக்டினும் மயோசினும் துணை நிற்கின்றன. நம் உடலில் உள்ள அதே குடும்பத்துப் புரதங்கள்தான் இந்தச் சின்னஞ்சிறு உயிரிகளையும் இயக்குகின்றன.

கயிற்றைப் பிடித்து இழுக்கும் படகு

கொசுவின் எச்சிலோடு நம் தோலுக்குள் வரும் ஒட்டுண்ணியின் நீளம், ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. அது நீந்துவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. அதன் வேகம் நம் வெள்ளையணுக்களின் வேகத்தைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு.

ஆற்றின் இரு கரைகளையும் இணைத்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படகில் நிற்பவர் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கிறார். கயிறு அங்கேயே இருக்கும், படகுதான் முன்னே போகும். ஒட்டுண்ணி நகர்வதும் இப்படித்தான். அதன் மேல்தோலுக்குச் சற்று உள்ளே 'மயோசின் ஏ' என்ற புரதம் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. படகில் நிற்பவர் அதுதான். ஆக்டின் இழைதான் கயிறு. அந்த இழை, ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் உள்ள ஒட்டும் புரதங்கள் வழியாக வெளியே உள்ள நம் உயிரணுவோடு பிணைந்திருக்கிறது. மயோசின் இழையைப் பின்னுக்கு இழுக்க, ஒட்டுண்ணி முன்னே செல்கிறது.

கல்லீரலில் பெருகி வெளிவரும் ஒட்டுண்ணிகள் சிவப்பணுவுக்குள் நுழைவதற்கும் இதே முறைதான் கைகொடுக்கிறது. சிவப்பணுவைப் பற்றிக்கொண்ட ஒட்டுண்ணி ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுகிறது. நோலெசி ஒட்டுண்ணி அங்கே 24 மணி நேரத்தில் பெருகி, சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. மனிதரைத் தாக்கும் மற்ற மலேரியா வகைகளுக்கு இதற்கு 48 அல்லது 72 மணி நேரம் பிடிக்கும். குரங்கு மலேரியா சில நாள்களிலேயே கடுமையாகி உயிருக்கு ஆபத்தாவதற்கு இந்த வேகம் ஒரு முக்கியக் காரணம்.

கொசுவின் வயிற்றில் இன்னொரு விசை

நோயாளியின் இரத்தத்தைக் கொசு குடித்த பிறகு, அதன் வயிற்றில் டைனீன் வேலையைத் தொடங்குகிறது. சுமார் 15 நிமிடங்களில் ஓர் ஆண் உயிரணுவிலிருந்து சாட்டை போன்ற எட்டு இனப்பெருக்க அணுக்கள் பிரிகின்றன. டைனீன் அந்தச் சாட்டைகளைச் சுழற்றுவதால்தான் அவை பெண் அணுவை நீந்தி அடைகின்றன. அந்தச் சாட்டை அசையாவிட்டால் கருவுறுதல் நடக்காது, அந்தக் கொசுவிலிருந்து நோயும் பரவாது.

விசையை நிறுத்த முடியுமா?

'மயோசின் ஏ' இல்லாத ஒட்டுண்ணியால் சிவப்பணுவுக்குள் நுழைய முடியாது என்பது ஆய்வுக்கூடத்தில் உறுதியாகியிருக்கிறது. இந்த வகை மயோசின் மனித உடலில் இல்லை. அதனால், நம் இதயத்துக்கோ தசைக்கோ கேடு வராமல் ஒட்டுண்ணியின் விசையை மட்டும் முடக்கும் மருந்தை உருவாக்க முடியும் என்ற நம்பிக்கை ஆய்வாளர்களுக்கு உண்டு. அந்தத் தேடல் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

அதுவரை விழிப்புணர்வே நமக்குக் காவல். நுண்ணோக்கியில் பார்க்கும்போது நோலெசி, 'பிளாஸ்மோடியம் மலேரியே' என்ற வேறொரு வகையைப் போலவே தோன்றும். சரவாக் மாநிலத்தின் காப்பிட்டில் இப்படி மாற்றிக் கணிக்கப்பட்ட நோயாளிகள் பலருக்கு உண்மையில் இருந்தது நோலெசிதான் என்பதைப் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் 2004-இல் மரபணுச் சோதனை மூலம் வெளிப்படுத்தினர்.

ஆகவே, காட்டுக்கோ காட்டோரத் தோட்டத்துக்கோ போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். எங்கே போயிருந்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இந்த நோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் கிருமிக்கு ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய வாய்ப்பு.