இரண்டு சிம், ஒரே டவர்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. சென்னைப் புறநகரின் பல இடங்களில் மின்சாரம் போனது. கூடவே இணையமும் செல்போன் சிக்னலும். 2015 வெள்ளத்திலும் இதே கதைதான்.

இப்படி இணையம் போனால் பூட்டிய வீட்டைக் காக்கும் அலாரமும் ஊமையாகலாம். அந்தக் கருவி பெரும்பாலும் வைஃபை வழியாகத் தகவல் அனுப்பும். அந்த இணைப்பு அறுந்தால் கருவிக்குள் செருகிய சிம் கைகொடுக்க வேண்டும். ஆனால் யாரும் பேசாத எண் அது. ரீசார்ஜ் செய்ய மறந்துபோவது சகஜம். பழைய கருவிகளில் சில 2ஜியில் மட்டுமே இயங்கும். அவற்றில் ஜியோ சிம் போட்டுப் பயனில்லை, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. 2018 தொடக்கத்தில் ஏர்செல் முடங்கியபோது, ஒரே நிறுவனத்தை நம்பியவர்கள் பட்ட பாடு தமிழ்நாட்டுக்குத் தெரியும்.

சரி, இரண்டு நிறுவனங்களின் சிம் போட்டால்? பாதி நிம்மதிதான். பல இடங்களில் நிறுவனங்கள் ஒரே டவரைப் பகிர்ந்துகொள்கின்றன. மின்வெட்டில் அந்த டவரின் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசலும் வராவிட்டால் இரண்டும் சேர்ந்தே அடங்கும். தெருவுக்குக் கேட்கும் சைரனும், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அதனால்தான் இன்னும் தேவை.

மாதம் ஒருமுறை ரவுட்டரை அணைத்து, அலாரத்தை அடிக்கவிட்டு, செய்தி வருகிறதா என்று பார்க்கலாம். அடுத்து மெயின் சுவிட்சையும் அணைத்துப் பார்க்க வேண்டும். கருவிக்குள் உள்ள பேட்டரி உப்பியிருந்தால் அன்றே மாற்றிவிடுவது நல்லது.