காட்டாத சுறா

1974-ம் ஆண்டு. அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்டு தீவை ஒட்டிய கடலில் 'ஜாஸ்' படப்பிடிப்பு. படத்துக்காகவே செய்த இயந்திரச் சுறா கடலில் இறங்கியதும் மக்கர் செய்தது. உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து பாகங்களைக் கெடுத்தது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு அப்போது வயது 27. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே கதையை நகர்த்தினார். அதன் உடலில் மாட்டிய மஞ்சள் பீப்பாய் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள் மாறி மாறி நெருங்கும். சுறா முழுசாகத் தலைகாட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தியேட்டர் மொத்தமும் நடுங்கிவிடும்.

கையில் இருப்பது குறைந்தால் பயம் கூடும் என்பதற்கு ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வும் (1960) சாட்சி. சிறிய பட்ஜெட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். குளியலறையில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கத்திக்குத்தின் சத்தம், முலாம்பழத்தைக் குத்திப் பதிவுசெய்தது. ஒரு நிமிடம்கூட நீடிக்காத கொலை அது. துண்டு துண்டாக வெட்டிய காட்சிகளுக்கும் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் அலறலுக்கும் நடுவே, இல்லாத காயங்களைப் பார்வையாளரின் மனமே போட்டுக்கொண்டது.

வீடியோ கேமிலும் இதே கதைதான். 'ரெசிடென்ட் ஈவில்' (1996) விளையாட்டில் ஒவ்வோர் அறைக்கும் கதவு மெல்லத் திறக்கும். அடுத்த அறையை இயந்திரம் தயார் செய்யும் நேரத்தை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. 'சைலன்ட் ஹில்' (1999) ஊரை மூடிய பனியும் அப்படியே: தூரத்துக் கட்டடங்களை வரைந்துகாட்ட அன்றைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பில்லை. ஆடுபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? துப்பாக்கியில் மிச்சமிருப்பது இரண்டு தோட்டா. கதவுக்குப் பின்னால் ஏதோ உறுமுகிறது. சினிமாவில் கண்ணை மூடிக்கொள்ளலாம். இங்கே அந்தக் கதவைத் திறக்க வேண்டியது நம் கட்டைவிரல்.

இன்று கம்ப்யூட்டர் எவ்வளவு ரத்தம் கேட்டாலும் கொடுக்கிறது. நம் மாஸ் படங்களில் இயந்திரத் துப்பாக்கி முழங்க, பெயர் தெரியாத அடியாட்கள் கொத்துக்கொத்தாகச் சரிகிறார்கள். பத்தாவது ஆள் விழும்போதே நமக்குப் பாப்கார்ன் நினைவு வந்துவிடுகிறது.

அதற்காக வன்முறையை மறைத்தே தீர வேண்டும் என்று சட்டம் போட முடியாது. வெற்றிமாறனின் 'விசாரணை' லாக்கப் அடியை நேருக்கு நேர் காட்டியது. அந்த அடி நமக்கும் வலித்தது. விழுபவர்கள் பூங்காவில் படுத்துறங்கிய கூலித் தொழிலாளிகள் என்று தெரியும்; செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை போலீசார் விடமாட்டார்கள் என்பதும் தெரியும். அடிக்கும் அடிக்கும் இடையே காத்திருந்த நேரம்தான் லத்தியைவிடக் கனத்தது.

தணிக்கைச் சான்றிதழ் பார்ப்பவரின் வயதைக் கேட்கும். செத்தவன் யார், அவன் சாவுக்காக நம்மை எவ்வளவு நேரம் பதறவிட்டீர்கள் என்று இயக்குநரைக் கேட்க வேண்டியது ரசிகன்தான். டிக்கெட் காசு கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு.