மட்டாஞ்சேரி கிடங்குகள்: காலியாகும் கடைத்தெருவில் மீண்டும் குடியிருக்க முடியுமா?

ஆள் வராத மாலை என்ன செய்வது? 'கீழே கடை, மேலே வீடு என்று மாற்றிவிடலாம்' என்ற யோசனை இப்போது பல நாடுகளில் அடிபடுகிறது. இந்தியாவிலும் இது சின்ன விஷயம் இல்லை. நைட் ஃபிராங்க் நிறுவனத்தின் கணக்குப்படி, 8 பெரிய நகரங்களில் 40 சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடந்த வணிக வளாகங்கள் 2022-இல் 57. 2023-இல் அது 64 ஆனது.

கொச்சியில் இந்தக் கேள்வி மால்களுக்கு முன்பே ஒரு பழைய கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. அது மட்டாஞ்சேரியின் பஜார் ரோடு.

எப்படிக் காலியானது?

மிளகு, சுக்கு, ஏலக்காய், அரிசி எல்லாம் படகில் வந்து நேராகக் கிடங்கின் பின்வாசலில் இறங்கும். முன்வாசலில் வியாபாரம் நடக்கும். இந்த ஏற்பாடு ஒரே நாளில் குலையவில்லை.

ராபர்ட் பிரிஸ்டோ காலத்தில் காயலைத் தூர்வாரிய மண்ணில் வில்லிங்டன் தீவு உருவானது. கப்பல் வேலை அங்கே போனது. பிறகு கன்டெய்னர் வந்தது. 2011-இல் வல்லார்பாடம் முனையம் திறந்தது. கன்டெய்னர் லாரிக்கு பஜார் ரோட்டின் அகலம் போதாது.

விலை பேசும் இடமும் மாறியது. 1957-இல் தொடங்கிய மிளகு வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில் வியாபாரிகள் கூவிக் கூவி விலை சொல்வார்கள். 2004-இல் தேசிய மின்னணுச் சந்தையில் மிளகு முன்பேர வர்த்தகம் வந்ததும் அந்தச் சத்தம் குறையத் தொடங்கியது. சில்லறை வாடிக்கையாளர்களோ எர்ணாகுளம் எம்.ஜி. ரோட்டுக்கும், 2013-க்குப் பிறகு இடப்பள்ளி லுலு மாலுக்கும் போய்விட்டார்கள்.

இந்தக் கட்டடங்கள் வீடாகுமா?

பெரும்பாலான மால்களை வீடாக்குவது கஷ்டம். காரணம் ரொம்ப எளிமை: ஜன்னல் இல்லை. தளம் அவ்வளவு அகலம் என்பதால் நடுப்பகுதிக்கு வெளிச்சமோ காற்றோ எட்டாது. குளியலறைக் குழாய்கள் எல்லாம் ஒரே மூலையில் இருக்கும். கடைகளைத் தனித்தனியாக விற்றிருந்தால் எல்லா உரிமையாளர்களிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் 1828-இல் கட்டிய 'ஆர்கேட்' வணிக வளாகத்தில் இது நடந்தது. 2013-இல் மேல் இரண்டு தளங்களும் 48 சிறு வீடுகளாயின, கீழே கடைகள். கட்டடம் சிறியது, நடுவில் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் வந்தது. அதனால்தான் சாத்தியமானது.

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி கிடங்குகளுக்கும் அதே வசதி உண்டு. சரக்கு உலர்த்த நடுவில் முற்றம் விட்டுத்தான் கட்டினார்கள். கல்வத்தியில் உள்ள பெப்பர் ஹவுஸ் அப்படித்தான்: தெருவைப் பார்த்து ஒரு கட்டடம், தண்ணீரைப் பார்த்து இன்னொன்று, இடையில் முற்றம். கட்டட அமைப்பைப் பொறுத்தவரை இவை வீடாகலாம்.

அப்புறம் ஏன் ஆகவில்லை?

2012 டிசம்பரில் கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கியபோது ஆஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ் போன்றவை கலைக்கூடங்களாயின. பின்னாலேயே கஃபே, பழம்பொருள் கடை, ஹோம்ஸ்டே என்று பெருகின. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கிப் போகிறவர்கள், குடியிருப்பவர்கள் அல்ல.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு அறைக்கு மாத வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே சுற்றுலாப் பயணிக்கு ஒரு இரவுக்கு 2,500 ரூபாய்க்கு விட்டால், 5 இரவுகளிலேயே 12,500 ரூபாய் வந்துவிடும். மீதி 25 நாள் காலியாகக் கிடந்தாலும் உரிமையாளருக்கு நஷ்டமில்லை. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. இரவுக் கணக்கில் அறை விடுபவருக்கும் அதே வசதி.

சட்டமும் உண்டு. நீர்க்கரை என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இங்கே குறுக்கே வரும். அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மரடு பக்கத்திலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் அங்கே 4 அடுக்குமாடி வளாகங்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன.

ஏற்கெனவே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1965), 11(4)(iv) பிரிவின்படி, கட்டடத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்றால் வாடகைதாரரை வெளியேற்றலாம். ஆனால் உரிமையாளரிடம் திட்ட அனுமதியும் கட்டும் வசதியும் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும், நியாய வாடகைக்கு அந்த இடத்தைப் பெறும் முதல் வாய்ப்பு பழைய வாடகைதாரருக்குத்தான்.

நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது வாடகைதாரருக்கு மட்டுமே. சுமை தூக்குபவருக்கும், சுக்கு சுத்தம் செய்யும் பெண்ணுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கிடங்கு கஃபே ஆகிவிட்டால் அவர்களுக்கு முதல் வாய்ப்பும் இல்லை, கடைசி வாய்ப்பும் இல்லை.

வேறு வழி இருக்கிறதா?

இரண்டு முன்மாதிரிகள் பக்கத்திலேயே உண்டு. ஃபோர்ட் கொச்சி துருத்தியில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட இரட்டைக் கோபுரங்களில் 394 குடும்பங்களுக்கு வீடு. ஊரைவிட்டு அனுப்பாமல், இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அரசுப் பணத்தில் கட்டினார்கள்.

இன்னொன்று நம்மவர்கள் கதை. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து போன வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள், வெளி மைதானத்துப் பக்கம் துணி வெளுத்துவந்தார்கள். 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்காகவே தோபிகானாவைக் கட்டியது. இன்றும் அங்கே வேலை நடக்கிறது.

அடுத்த முறை உங்கள் ஊரில் பழைய மாலையோ மார்க்கெட்டையோ 'மிக்ஸ்டு யூஸ்' ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தால், வரைபடத்தைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். வீடுகள் மாத வாடகைக்கா, இரவு வாடகைக்கா? பழைய கடைக்காரர் திரும்பி வரும் உரிமை எழுத்தில் இருக்கிறதா? அங்கே தினக்கூலிக்கு வேலை செய்தவர்கள் அந்தத் திட்டத்தில் எங்கேயாவது எண்ணப்பட்டிருக்கிறார்களா?