சூடு தின்ற தகடு

அலிபிரி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலை நிமிர்ந்து ஏறத் தொடங்கிவிடும். அங்கிருந்து திருமலைக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் வண்டி சுமார் 700 மீட்டர் உயரம் போயாக வேண்டும். பாலசமுத்திரம், பள்ளிப்பட்டு, சோளிங்கர் பக்கத்துக் குடும்பங்கள் குழந்தைக்கு மொட்டை போட ஒரே வண்டியில் எட்டுப் பேராகக் கிளம்புவது வழக்கம். மே மாத வெயில், உள்ளே ஏசி, முன்னால் முக்கி முக்கிப் போகும் பேருந்து. பாதி மலையில் வெப்ப முள் நடுவை விட்டு மேலே நகர்கிறது. ஓட்டுநர் பார்க்கிறார். இன்னும் நாலு வளைவுதானே, மேலே போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டிவிடுகிறார். அந்த நாலு வளைவில்தான் ஹெட் கேஸ்கெட் அடிக்கிறது.

இந்த மலையில் வண்டி ஏறும் முதல் பாதை 1944இல் திறக்கப்பட்டது. 1970களில் இரண்டாவது பாதை வந்தபின் ஏறுவதற்கு அதையும் இறங்குவதற்குப் பழையதையும் பயன்படுத்துகிறார்கள். ஏறும் வண்டி 28 நிமிடத்துக்கு முன்னால் மேலே போய்ச் சேரக் கூடாது என்பது கட்டுப்பாடு. விபத்தைத் தடுக்க அது அவசியம். ஆனால் எஞ்சினின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். ஆளோடு மூட்டையோடு 2200 கிலோ எடையை 700 மீட்டர் தூக்க, சூடாகி வீணாவதையும் சேர்த்து ஒன்றேகால் லிட்டருக்குக் கிட்ட டீசல் எரிய வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியைத் தூக்குகிறது. மீதியெல்லாம் சூடு. பாதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும், மற்றது ரேடியேட்டர் தலையில் விழும். மெதுவாக ஏறும் வண்டிக்கு முன்னிருந்து வீசும் காற்றும் குறைவு. சூடு கூடுகிறது, ஆற்றும் காற்று குறைகிறது.

ஹெட் கேஸ்கெட் என்பது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனான தகடு. கீழே பிஸ்டன்கள் ஓடும் எஞ்சின் பிளாக், மேலே வால்வுகள் இருக்கும் ஹெட், இரண்டுக்கும் நடுவே இது. மூன்று வேலையை ஒரே நேரத்தில் பார்க்கிறது: எரியும் வாயுவை சிலிண்டருக்குள்ளேயே அடைத்து வைப்பது, ஆயிலை அதன் வழியில் விடுவது, தண்ணீரை அதன் வழியில் விடுவது. மூன்றும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள டீசல் சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும்போது 150 பார் அழுத்தம் வந்தால், ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும் விசை ஒன்பதரை டன்னுக்கு மேல். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை இந்த உதை விழுகிறது.

டர்போ இருந்தால் உதை இன்னும் பலம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை அது: வெளியேறும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிப்பது. காற்று கூடினால் கூடுதல் எரிபொருள், கூடுதல் வலு. கூடவே கூடுதல் அழுத்தமும் சூடும். அமெரிக்காவில் 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரில், எஞ்சின் தட்டாமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையை இன்டர்கூலரும் கணினியும் பார்க்கின்றன. ஆனாலும் உதை கடைசியில் வந்து விழுவது அந்த ஒரு மில்லிமீட்டர் தகட்டில்தான்.

சூடு இந்தத் தகட்டை என்ன செய்கிறது? பெரும்பாலான எஞ்சின்களில் ஹெட் அலுமினியம், டீசல் வண்டிகளில் பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். அரை மீட்டர் நீள ஹெட் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும், கீழே உள்ள இரும்பு அதில் பாதிதான் நீளும். வண்டி கிளம்பி ஆறும் ஒவ்வொரு முறையும் கேஸ்கெட் இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்கிறது. அதற்காகவே அது செய்யப்பட்டது. ஆனால் தண்ணீர் கொதித்து ஆவியாகி, ஹெட்டின் ஒரு பகுதி தண்ணீரே படாமல் காய்ந்தால், அங்கே மட்டும் உலோகம் தாறுமாறாக விரிய முயன்று வளைந்துவிடும். வளைந்த இடத்தில் பிடி தளரும், வாயு வழி கண்டுபிடிக்கும்.

திருமலைக்குப் போகும் அந்தப் பகுதியில் சாலையோரப் பட்டறை ஒன்றில் இப்படி வந்த வண்டியின் எஞ்சினைப் பிரிப்பதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசும் மெக்கானிக் முதலில் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார். "பாருங்க சார், காபி மாதிரி இருக்கு. தண்ணி கலந்துருச்சு." பிறகு, முந்தைய இரவு முழுக்க ஆறியிருந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பையனைப் பார்த்து "ஸ்டார்ட் பண்ணுடா" என்றார். சூடேறக்கூட நேரமில்லை, தண்ணீரில் குமிழ் வரிசையாகக் கிளம்பியது. சிலிண்டர் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்ததற்கு அது சாட்சி. சந்தேகம் இருந்தால் நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழியே அந்த வாயுவை இழுத்துப் பார்ப்பார்கள். புகையின் கரியமில வாயு பட்டால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். வெள்ளைப் புகை, எங்கும் ஒழுகாமலே குறையும் தண்ணீர், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடனே கல்லாக இறுகும் மேல் ஹோஸ் ஆகியவையும் அறிகுறிகள்தான்.

டர்போ, அதற்கு ஆயில் வரும் மெல்லிய குழாய், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டைமிங் எல்லாம் கழன்ற பிறகுதான் ஹெட் போல்டுக்கு முறை வந்தது. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். ஒரேயடியாக ஒரு பக்கம் கழற்றினால் அதுவே ஹெட்டை வளைத்துவிடும். தூக்கிப் பார்த்தபோது கேஸ்கெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே விரலகலத்துக்கு ஒரு கறுப்புத் தடம். இரண்டு அடுப்புகளுக்கு இடையில் இருக்கும் அந்தக் குறுகிய பாலம்தான் எஞ்சினிலேயே மிகவும் சூடான இடங்களில் ஒன்று.

நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, மூலைக்கு மூலையாக வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் இதழ் வழுக்கிக்கொண்டு போனது. தலைமுடி தடிமன்கூட இல்லாத இடைவெளி, ஆனால் இன்றைய கேஸ்கெட்டுக்கு அதுவே அதிகம். பழைய கேஸ்கெட்டுகள் செம்பும் ஆஸ்பெஸ்டாசுமாக மெத்தென்று இருந்து மேடுபள்ளத்தை மன்னித்தன. இப்போதையவை மூன்று முதல் ஐந்து அடுக்கு எஃகுத் தகடு. சிலிண்டரைச் சுற்றி எழும்பி நிற்கும் வரம்பு வில்போல் அமுங்கிக்கொண்டு அடைக்கிறது. அது கேட்பது சமதளம். ஆகவே ஹெட் லேத் பட்டறைக்குப் போனது, ஃபேசிங் செய்யவும், விரிசல் உண்டா என்று காற்றழுத்தத்தில் பார்க்கவும். நிறைய சீவவும் முடியாது. டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி குறைவு. பல டீசல் எஞ்சின்களுக்கு இரண்டு மூன்று தடிமனில் கேஸ்கெட் விற்பது இதனால்தான். ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டுக்குறியை எண்ணித் தடிமனை அறிவார்கள்.

பூட்டும்போது அவர் காட்டிய பொறுமையை என்னால் மறக்க முடியவில்லை. பிளாக்கில் உள்ள போல்டுத் துளை ஒவ்வொன்றிலும் காற்றடித்துத் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் வெளியேற்றினார். அடியில் திரவம் இருந்தால் இறங்கும் போல்டு அதை அமுக்கி பிளாக்கையே பிளந்துவிடும். போல்டுகள் புதியவை. இந்த வகை போல்டு முறுக்கும்போது நிரந்தரமாகக் கொஞ்சம் நீள்கிறது. அந்த நீட்சிதான் பிடி, ஒரு முறை நீண்டதை மறுபடி நம்பக் கூடாது. முதலில் டார்க் ரென்ச்சால் குறிப்பிட்ட அளவு, பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று, நடுவில் தொடங்கி வெளிப்புறமாகச் சுற்றி வந்தார். ஏன் டிகிரி? மரையின் உராய்வு போல்டுக்குப் போல்டு மாறும், கையில் காட்டும் முறுக்கு ஏமாற்றும். கோணம் ஏமாற்றாது.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் கிளப்பியிருந்தால் இத்தனையும் வீண். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுவது. அதைத் தாங்குவது ஆயில் படலம் ஒன்றுதான். தண்ணீர் கலந்த ஆயில் அந்தப் படலத்தை உடைத்துவிடும். அதனால் எரிபொருளை நிறுத்திவைத்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றவிட்டு, டர்போ வரை ஆயில் போய்ச் சேர்ந்த பிறகே எஞ்சினைக் கிளப்பினார்.

ஆனால் அவர் அதிக நேரம் செலவழித்தது கேஸ்கெட்டில் அல்ல, ரேடியேட்டரில். கழற்றிக் கவிழ்த்தபோது பழுப்பு நிறச் செதில்கள் கொட்டின. கூலன்டுக்குப் பதில் வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு அது. மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி பிடிக்கவில்லையென்றால் அந்த இருபது டிகிரி போய்விடும், மலையில் தேவைப்படுவதே அந்த இருபதுதான். "கேஸ்கெட் போகலை சார், சூடு அதைத் தின்னுருச்சு. சூட்டை விட்டுட்டு கேஸ்கெட்டை மாத்தினா மூணு மாசத்துல திரும்ப வருவாங்க" என்றார். ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றச் சொல்லி வண்டிக்காரரிடம் அரை மணி நேரம் பேசினார். அவர் சம்மதித்த பிறகுதான் கூலன்டை ஊற்றினார்.

முள் மேலே போனால் மலைப்பாதையில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது போதும். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்தால் அது ஒரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்யும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் விரிசல் விடும். எந்தத் தடங்கலும் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தாலும், சாவியைத் திருப்புமுன் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் டர்போ ஆறும்.

மாலையில் அந்த வண்டி மூடி திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக் குமிழ் ஒன்றிரண்டு வந்து நின்றது. மேல் ஹோஸ் சூடேறியது, விசிறி சுழன்று, நின்று, மறுபடி சுழன்றது. மெக்கானிக் எஞ்சினை நிறுத்தி மூடியை இறுக்கி, அது நன்றாக ஆறிய பிறகு ரிசர்வ் தொட்டியில் தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றால்தான் வண்டியைக் கொடுப்பதாகச் சொன்னார்.