மடித்த தாளில் பிறக்கும் வடிவியல்

மவுண்ட் ரோடு அடிசன் கம்பெனியார் 1893-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்ட ஒரு சிறிய கணித நூல், அதை இயற்றிய டி. சுந்தர ராவ் வருவாய்த் துறை உத்தியோகஸ்தர் என்பதாலும், கவராயத்தின் துணையின்றிச் சதுரத் தாளை மடித்தே க்ஷேத்திர கணிதத்தின் பல உண்மைகளைக் கண்முன் நிறுத்தலாம் என்று காட்டியதாலும், இன்றும் ஆசிரியர்கள் தேடிப் படிக்கத் தக்கதாக இருக்கிறது. பாலர் கல்வியை வகுத்த ஜெர்மானியர் ஃபிரோபெலின் முறையில் குழந்தைகளுக்கு மடித்து விளையாடக் கொடுக்கும் வண்ணத் தாள்களே அந்நூலுக்குத் தூண்டுகோல். கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் 1895-இல் தம் நூலொன்றில் அதைக் குறிப்பிடவே, அமெரிக்கப் பேராசிரியர் இருவர் அதைப் பதிப்பித்து 1901-இல் சிகாகோவில் வெளிவரச் செய்தனர்.

குறிப்பிட்டவர் கிளைன் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1872-இல், தம் 23-ஆம் வயதில், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவர் முன்வைத்த சித்தாந்தம், வடிவங்களை நகர்த்தியும் திருப்பியும் புரட்டியும் பார்க்கையில் எது மாறாமல் நிற்கிறதோ அதை ஆராய்வதே வடிவியல் என்பதாகும். இடப்பெயர்வு, சுழற்சி, எதிரொளிப்பு என்று நம் பிள்ளைகள் படிக்கும் பாடத்தின் உயிர் அதுவே. ஆனால் பல வகுப்புகளில் அது கரும்பலகையில் ஒரு படமும், கூட்டல் குறியைக் கழித்தலாக்கும் ஒரு சூத்திரமுமாகச் சுருங்கிவிடுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் உள்ள கச்சிராயபாளையம் போன்ற ஓர் ஊரின் பள்ளியில் இப்பாடத்தை நடத்த விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டியதில்லை. பழைய நோட்டுத் தாளும் குண்டூசியும் போதும். தாளில் கோணல்மாணலாக ஒரு முக்கோணம் வரைந்து, அதற்கு வெளியே தாளை மடித்து, மூன்று முனைகளிலும் ஊசியால் குத்திப் பிரித்தால், மடிப்பின் மறுபுறத்தில் மூன்று துளைகள் தெரியும். அவற்றைச் சேர்த்தால் பிம்பம். ஒவ்வொரு முனையையும் அதன் பிம்பத்தோடு கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள்: அக்கோடுகள் எல்லாம் மடிப்பைச் செங்குத்தாக வெட்டுவதையும், மடிப்பு அவற்றைச் சரிபாதியாக்குவதையும் பிள்ளையே அளந்து கண்டுகொள்ளும்.

ரசமான கட்டம் இனிமேல்தான். முதல் மடிப்புக்கு இணையாக இன்னொரு மடிப்பு போட்டுப் பிம்பத்தையும் அவ்வாறே குத்தியெடுத்தால், மூன்றாவதாக வரும் முக்கோணம் முதலாவதைப் போலவே அதே திசை நோக்கி நிற்கும். அது நகர்ந்த தூரம் இரு மடிப்புகளின் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு. மடிப்புகள் இணையாக இல்லாமல் ஒன்றையொன்று வெட்டினால், வெட்டும் புள்ளியை மையமாகக் கொண்டு முக்கோணம் சுழன்றிருக்கும். சுழன்ற கோணம் மடிப்புகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் இரட்டிப்பு. 45 பாகைக்குக் கால் சுற்று, செங்கோணத்துக்கு அரைச் சுற்று. பாடநூல் மூன்றாகப் பிரித்துவைத்த உருமாற்றங்கள் மடிப்பு என்ற ஒரே செய்கையிலிருந்து பிறப்பதை ஒரு மாணவி தன் கைத்தாளிலேயே பிரத்தியட்சமாகக் காண்கிறாள்.

எதிரொளிப்பு மற்ற இரண்டிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்கு அட்டையில் வெட்டிய ‘ட’ எழுத்து நல்ல உபகரணம். நிற்கும் கோடு குட்டையாகவும் கிடக்கும் கோடு நீளமாகவும் இருக்கட்டும். மேஜையை விட்டு எடுக்காமல் அதைத் தள்ளலாம், சுற்றலாம்; ஆனால் அதன் கண்ணாடிப் பிம்பத்தின்மேல் பொருத்த வேண்டுமானால், எடுத்துப் புரட்டினாலன்றி முடியாது. இரண்டு கோடுகளும் சம நீளமானால் புரட்டாமலே பொருந்திவிடும்! ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு ஆசிரியர் சற்றுப் பேசாதிருப்பது நலம்.

வாசலில் போடும் கோலமும் இவ்வகுப்புக்கு உரியதே. 1974-இல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி இயலின் இலக்கண விதிகளால் விவரித்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். பள்ளிக்கு அத்தனை தூரம் போக வேண்டாம். ஒரு சிக்குக் கோலத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, நடுவில் ஊசி குத்தி, கால் சுற்றுத் திருப்பினால் கம்பி கம்பியின்மேலேயே விழுகிறதா என்று பார்க்கலாம். பிறகு தாளைப் புரட்டிப் பார்க்கலாம். திருப்பும்போது பொருந்துகிற சில கோலங்கள் புரட்டும்போது பொருந்துவதில்லை என்பது வீட்டில் தினமும் கோலமிடும் பெண்ணுக்கே வியப்பைத் தரும்.

ஆயத் தொலைவுகளும் குறி மாற்றமும் இவ்வளவுக்கும் பிறகு வரலாம். மடிப்பையே அச்சாக வைத்து, கட்டமிட்ட தாளில் துளைகளுக்கு எண் கொடுத்தால், சூத்திரம் தானாகவே கையில் கிடைக்கும். மேல் வகுப்பினருக்கு ஒரு கடினமான வினாவும் உண்டு: ஒரே அளவுள்ள இரு முக்கோணங்கள் தாளில் எப்படிக் கிடந்தாலும், ஒன்றை மற்றதன்மேல் கொண்டு சேர்க்க எத்தனை மடிப்புகள் தேவை? மூன்றுக்கு மேல் ஒருபோதும் வேண்டியதில்லை. முதல் மடிப்பில் ஒரு முனை தன் இடத்தை அடையும். அம்முனை வழியே செல்லும் இரண்டாவது மடிப்பில் அடுத்த முனை. அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டிலேயே மூன்றாவது முறை மடித்தால், கடைசி முனையும் வந்து பொருந்தும்.