மோதியது கார்தான் என்று கடிகாரம் எப்படி அறிகிறது?

விபத்தில் நினைவிழந்தவரால் போனை எடுத்து உதவி கேட்க முடியாது. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் தனியாகச் சென்றவர் என்றால், விபத்து நடந்ததே யாருக்கும் தெரியாமல் போகும். இவர்களுக்காகவே ஆப்பிள் நிறுவனம் 2022இல் வாட்ச் சீரிஸ் 8, ஐபோன் 14 ஆகியவற்றில் மோதலைக் கண்டறியும் வசதியைக் கொண்டுவந்தது. கூகுளின் பிக்சல் போன்களில் 2019லேயே இது வந்துவிட்டது.

இந்த வசதியில் முதன்மையானது முடுக்கமானி. வேகம் எவ்வளவு சட்டென மாறுகிறது என்பதை அளக்கும் சில்லு. புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 256 மடங்கு வரை அளக்கக்கூடியது. ஆனால் கடிகாரம் கல்தரையில் விழுந்தாலும் அதில் பெரிய எண்தான் தோன்றும். அதனால் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லாத பஞ்சாயத்தைப்போல, கடிகாரம் மற்ற உணரிகளையும் விசாரிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்றதா என்பதை ஜிபிஎஸ் சொல்லும். நொறுங்கும் ஓசையை மைக் கேட்கும். உடல் சுழன்றதைச் சுழற்சிமானி காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது காற்றழுத்தமானியின் சாட்சியம். நாம் எத்தனை மாடி ஏறினோம் என்று கணக்கிட உதவும் அதே உணரிதான். ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரியும்போது, மூடிய காருக்குள் அழுத்தம் சட்டென உயர்கிறது. அந்தச் சின்ன ஏற்றத்தை அது பிடித்துவிடுகிறது.

சாட்சியங்கள் ஒத்துவந்தால் கடிகாரம் மணிக்கட்டைத் தட்டி, ஒலி எழுப்பி, நாம் நலமா என்று கேட்கிறது. பதில் வராவிட்டால் சில நொடிகளை எண்ணிவிட்டு அவசர எண்ணை அழைக்கிறது. கடுமையான கார் விபத்து என்பதையும், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும்.

தவறும் நேர்கிறது. 2022இல் அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் ரோலர் கோஸ்டரில் சுற்றியவர்களின் கருவிகள் அவசர எண்ணை அழைத்தன. கொலராடோவில் பனிச்சறுக்கு வீரர்களாலும் இப்படி வீண் அழைப்புகள் குவிந்தன. அழைப்பை ஏற்கும் ஊழியர்களுக்கு இது உண்மையான சுமை. ஆப்பிள் மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. ஆனாலும் ஐயம் வரும்போது கருவி அழைத்துவிடுவதே நல்லது என்பேன். வீண் அழைப்பைத் துண்டித்துவிடலாம். போகாத அழைப்புக்கு ஈடு கிடையாது.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஆப்பிளின் இந்த ஏற்பாடு கார், வேன் போன்ற பயணிகள் வண்டிகளுக்காக உருவானது. பைக்கில் போகிறவரைச் சுற்றி மூடிய அறை இல்லை. காற்றழுத்தமானி சாட்சி சொல்ல அங்கே எதுவும் இல்லை.