கணினிச் செயல்திறன் மேலாண்மையும் கொள்திறன் திட்டமிடலும்: ஓர் அறிமுக விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கணினி அமைப்பு ஒன்று பழுதின்றி இயங்குவது வேறு. அது பயனருக்கு உரிய நேரத்தில் விடையளிப்பது வேறு. இவ்வேறுபாட்டை அளந்தறிவது செயல்திறன் மேலாண்மை. வருங்காலச் சுமையிலும் உரிய நேரத்தில் விடை கிடைக்குமாறு வளங்களை முன்கூட்டியே முடிவு செய்வது கொள்திறன் திட்டமிடல். வளங்களை முழுமையாகப் பயன்படுத்துவதே சிக்கனம் என்னும் எண்ணம் இத்துறையில் ஏன் பொருந்தாது என்பதனை, வரிசைக் கோட்பாட்டின் அடிப்படை விதிகளைக் கொண்டும் 2013ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்றைக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செயல்திறன், கொள்திறன், மறுமொழி நேரம், பணிவீதம், பயன்பாட்டு விழுக்காடு, நெரிசல்முனை, சுமைச் சோதனை.

முன்னுரை

அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் வழியே, பொதுமக்கள் காப்பீட்டுத் திட்டங்களைத் தேர்ந்து பதிவு செய்வதற்காக ‘ஹெல்த்கேர்.கவ்’ என்னும் அரசு இணையத்தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. 36 மாநிலங்களின் மக்கள் அத்தளத்தை நம்பியிருந்தனர். ஒரே வேளையில் 50,000 முதல் 60,000 பேர் வரை வருவர் என எதிர்பார்க்கப்பட்டதாகவும், ஏறத்தாழ 2,50,000 பேர் வந்ததாகவும் அந்நாட்டு அரசின் அன்றைய தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் டாட் பார்க் தெரிவித்தார். முதல் நாளில் பதிவை முழுமையாக முடித்தோர் ஆறு பேரே என்பது, பிரதிநிதிகள் அவையின் குழு ஒன்று பின்னர் வெளியிட்ட கூட்டக் குறிப்புகளால் தெரியவந்தது.

கூட்டத்தைக் குறைத்து மதிப்பிட்டதே இதற்குக் காரணம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் தொடக்கத்துக்குச் சில நாள் முன்பு நடந்த சோதனையில், சில நூறு பயனர்களின் சுமைக்கே தளம் முடங்கியதாகச் செய்திகள் வெளியாயின. எனவே எதிர்பார்த்த கூட்டமே வந்திருப்பினும் தளம் தாங்கியிருக்குமா என்பது ஐயத்திற்குரியது. மென்பொருட் பிழைகளும் மேலாண்மைக் குறைகளும் இதில் கலந்திருந்தன. எனினும் ‘இவ்வமைப்பு எவ்வளவு சுமையை, எவ்வளவு நேரத்தில் தாங்கும்?’ என்னும் வினா உரிய காலத்தில் விடை பெறாமற்போனதே இங்குக் கருதத்தக்கது. அவ்வினாவுக்கு விடை காணும் முறைகள் கீழே விளக்கப்படுகின்றன.

1. மூன்று அளவைகள்

செயல்திறனைப் பேசுவதற்கு மூன்று அளவைகள் இன்றியமையாதவை. ஒரு கோரிக்கை வந்தடைந்தது முதல் அதற்குரிய விடை வெளியேறும் வரை கழியும் காலம் மறுமொழி நேரம் ஆகும். ஒரு நொடியில் முடிக்கப்படும் கோரிக்கைகளின் எண்ணிக்கை பணிவீதம் ஆகும். குறிப்பிட்ட கால அளவில் ஒரு வளம் எத்தனை பங்கு நேரம் வேலையில் இருந்தது என்பது பயன்பாட்டு விழுக்காடு ஆகும்.

இவற்றுள் பயனர் உணர்வது மறுமொழி நேரத்தை மட்டுமே. ஆனால் நிருவாகிகளின் கண்காணிப்புத் திரைகளில் முதலிடம் பெறுவது பெரும்பாலும் பயன்பாட்டு விழுக்காடே. அளப்பதற்கு எளியது என்பதே அதற்குக் காரணம். மையச் செயலகம் 60 விழுக்காடு மட்டுமே பயன்படுகிறது என்னும் செய்தியிலிருந்து பயனர் விரைவாக விடை பெறுகிறார் என்று முடிவு செய்ய இயலாது. அவர் தரவுத்தளத்தின் ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கலாம். அக்காத்திருப்பு செயலகத்தின் கணக்கில் ஏறுவதில்லை.

2. காத்திருப்பு ஏன் திடீரெனப் பெருகுகிறது?

டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங், தொலைபேசி அழைப்புகளின் வருகையைக் கணித முறையில் ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட கட்டுரை வரிசைக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டது. ஆலன் ஷெர் 1965இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், நேரப் பகிர்வுக் கணினிகளின் மறுமொழி நேரத்தை இத்தகைய கணித மாதிரிகளால் கணித்தறிய இயலும் என்று காட்டினார்.

இக்கோட்பாட்டின் எளிய வடிவம் இது: மறுமொழி நேரம் என்பது பணிநேரத்தை, ஒன்றிலிருந்து பயன்பாட்டைக் கழித்து வரும் எண்ணால் வகுத்துக் கிடைப்பதாகும். ஒரு கோரிக்கையை நிறைவேற்ற 50 மில்லிநொடி ஆகும் எனக் கொள்வோம். பயன்பாடு 50 விழுக்காடாக இருக்கையில் மறுமொழி நேரம் 100 மில்லிநொடி. 80 விழுக்காட்டில் 250. 90 விழுக்காட்டில் 500. 95 விழுக்காட்டில் 1,000. 98 விழுக்காட்டில் 2,500 மில்லிநொடி. 90 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டுக்குச் செல்லும்போது சுமை ஏறத்தாழ ஆறு விழுக்காடே கூடுகிறது; காத்திருப்போரின் நேரமோ இரு மடங்காகிறது.

கோரிக்கைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வருகின்றன, அவற்றின் பணிநேரமும் ஒரே சீராக இல்லை, பணி செய்வது ஒரே வளம் என்னும் கொள்கைகளின்மேல் இச்சூத்திரம் அமைந்துள்ளது. பல செயலகங்கள் ஒரே வரிசைக்குப் பணியாற்றும்போது வளைகோடு நெடுந்தூரம் தாழ்வாகவே சென்று, பின்னர் மேலும் செங்குத்தாக உயரும். ஆகவே நேற்றுவரை சீராக இயங்கிய அமைப்பு இன்று சிறிதளவு கூடுதல் சுமையில் தடுமாறுவது வியப்புக்குரியதன்று. இதனாலேயே வளத்தை முழுமையாகப் பயன்படுத்துவது இங்குச் சிக்கனம் ஆவதில்லை. பயன்படாமல் இருப்பதுபோலத் தோன்றும் மிச்சமே விரைந்த விடைக்கு நாம் கொடுக்கும் விலை.

3. லிட்டில் விதி

ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி மிக எளியது: அமைப்பினுள் ஒரு நேரத்தில் இருக்கும் கோரிக்கைகளின் சராசரி எண்ணிக்கை, பணிவீதத்தை மறுமொழி நேரத்தால் பெருக்கி வருவதற்குச் சமம். நொடிக்கு 300 கோரிக்கைகள் முடிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 2 நொடி தங்குமாயின் எந்நேரத்திலும் சராசரியாக 600 கோரிக்கைகள் உள்ளே இருக்கும்.

இவ்விதியின் நடைமுறைப் பயன் பெரிது. ஒரு செயலி தரவுத்தளத்துடன் 200 இணைப்புகளை வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் இணைப்பை அரை நொடி பிடித்திருந்தால் நொடிக்கு 400 கோரிக்கைகள் வரை முடியும். ஏதோ ஒரு காரணத்தால் அந்நேரம் 2 நொடியாக நீண்டால் உச்ச வீதம் நொடிக்கு 100 ஆகக் குறையும். கருவிகளின் எண்ணிக்கை மாறவில்லை; தாமதமே கொள்திறனைக் குறைத்துவிட்டது. விடை வராமையால் பயனர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவாராயின் சுமை மேலும் ஏறும். முடக்கங்கள் இச்சுழலில் முற்றக்கூடும்.

‘ஒரே வேளையில் 50,000 பயனர்’ என்னும் கூற்றும் இவ்விதியால் தெளிவு பெறும். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைப் படித்து அடுத்ததைக் கோருவதற்கு 30 நொடி எடுப்பாராயின், மறுமொழி நேரம் 1 நொடியாக இருக்கையில் நொடிக்கு ஏறத்தாழ 1,600 கோரிக்கைகள் வரும். 5 நொடிக்கு ஒரு முறை கோருவாராயின் அவ்வெண்ணிக்கை 8,300ஐத் தாண்டும். பயனர் எண்ணிக்கையை மட்டும் கூறி, அவர்கள் செய்யும் செயலைக் கூறாத தேவை அறிக்கை முழுமையானதன்று.

4. நெரிசல்முனை

ஒரு கோரிக்கை இணைய வழங்கி, செயலி வழங்கி, தரவுத்தள வட்டு எனப் பல வளங்களைக் கடந்து செல்கிறது. இவற்றுள் எது ஒரு கோரிக்கைக்கு மிகுதியான நேரம் உழைக்கிறதோ அதுவே முழு அமைப்பின் எல்லையை வரையறுக்கிறது. துறையினர் பாட்டில்நெக் என வழங்கும் இவ்விடம் இங்கு நெரிசல்முனை எனப்படுகிறது.

ஒரு கோரிக்கைக்கு இணைய வழங்கி 5 மில்லிநொடியும் செயலி வழங்கி 20 மில்லிநொடியும் வட்டு 40 மில்லிநொடியும் உழைப்பதாகக் கொள்க. வட்டினால் நொடிக்கு 25 கோரிக்கைகளுக்கு மேல் முடிக்க இயலாது. இணைய வழங்கிகளைப் பத்து மடங்காக்கினும் இவ்வெண் மாறாது. தக்க சுட்டுவரிசை ஒன்றைத் தரவுத்தளத்தில் சேர்த்து வட்டின் உழைப்பை 10 மில்லிநொடியாகக் குறைத்தால் எல்லை 50 ஆக உயரும். அப்போது செயலி வழங்கி நெரிசல்முனையாகும். நெரிசல்முனை மறைவதில்லை, இடம் மாறுகிறது. எனவே அளவிடாமல் வாங்கப்படும் கருவி பெரும்பாலும் தவறான இடத்திலேயே சேரும்.

கருவிகளைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின்படி, ஒரு வேலையில் 5 விழுக்காடு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கதாக இருப்பின், 16 செயலகங்கள் அதனை ஏறத்தாழ 9 மடங்கே விரைவுபடுத்தும். எத்தனை செயலகங்களைச் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

ஹெல்த்கேர்.கவ் தளத்திலும் இத்தகைய நெரிசல்முனை இருந்தது. திட்டங்களையும் விலையையும் பார்வையிடுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் கணக்குத் தொடங்க வேண்டுமெனத் தளம் அமைக்கப்பட்டிருந்தது. வெறுமனே பார்க்க வந்தோரும் அடையாளப் பதிவுப் பகுதியின்மேல் சுமையாயினர். அப்பகுதியே முதலில் திணறியது. கணக்கின்றிப் பார்வையிடும் வசதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. பணிப்போக்கை மாற்றுவதும் கொள்திறனைக் கூட்டும் வழியே என்பதற்கு இது சான்று.

5. சராசரியின் மறைப்பு

நூறு கோரிக்கைகளுள் 99, ஒவ்வொன்றும் 0.1 நொடியில் முடிந்து, எஞ்சிய ஒன்று 10 நொடி எடுத்தால் சராசரி ஏறத்தாழ 0.2 நொடி. இவ்வெண், விரைவாக விடை பெற்ற 99 பேரின் அனுபவத்தையும் காட்டவில்லை. காத்திருந்த ஒருவரின் அனுபவத்தையும் காட்டவில்லை. ஆகவே மறுமொழி நேரத்தைச் சதமானங்களால் குறிப்பதே தக்கது. ‘நூற்றில் 99 கோரிக்கைகள் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும்’ என்பது சோதிக்கத்தக்க இலக்கு; ‘தளம் விரைவாக இருக்க வேண்டும்’ என்பது அவ்வாறன்று.

ஒரு பக்கத்தைக் காட்ட நூறு உட்சேவைகளை அழைக்க வேண்டியிருந்து, ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறை மட்டுமே தாமதிக்குமாயினும், குறைந்தது ஒரு தாமதத்தையாவது சந்திக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு ஆகும். அமைப்பு பெருகப் பெருக அரிய தாமதம் அன்றாடத் தாமதமாகிறது.

கால இடைவெளியும் மறைப்பை உண்டாக்கும். இரண்டு நிமிடம் முழுச் சுமையிலும் மூன்று நிமிடம் ஓய்விலும் இருந்த வளத்தை ஐந்து நிமிடச் சராசரி 40 விழுக்காடு என்றே காட்டும்.

6. திட்டமிடலின் படிநிலைகள்

முதற்படி, சுமையை மக்களின் செயல்களிலிருந்து கணித்தல். ஒரு தளத்துக்கு நாளொன்றுக்கு 12 லட்சம் கோரிக்கைகள் வருமாயின் நாள் முழுமைக்குமான சராசரி நொடிக்கு ஏறத்தாழ 14. அவற்றுள் 15 விழுக்காடு உச்ச மணிநேரத்தில் வந்தால் அப்போதைய வீதம் நொடிக்கு 50. திட்டமிட வேண்டியது இரண்டாவது எண்ணுக்கே. கடைசி நாள், முடிவு வெளியாகும் நாள் போன்றவற்றில் அதுவும் போதாது.

இரண்டாம் படி, ஒவ்வொரு வகைக் கோரிக்கைக்கும் வளங்களின் உழைப்பை அளந்து, நெரிசல்முனையைக் கண்டு, உச்சச் சுமையில் மறுமொழி நேரத்தைக் கணக்கிடுதல். மூன்றாம் படி, உண்மையை ஒத்த தரவு அளவுடனும் பயனர் நடத்தையுடனும் சுமைச் சோதனை நடத்திக் கணக்கைச் சரிபார்த்தல். இச்சோதனை திறப்பு நாளுக்குப் போதிய காலம் முன்பே நடைபெற வேண்டும். குறை தெரிந்தபின் திருத்தக் காலமில்லையெனில் சோதனை வெறும் சடங்காகிவிடும். நான்காம் படி, ஒரு வழங்கி பழுதானாலும் எஞ்சியவை தாங்குமளவு மிச்சம் ஒதுக்குதல். இரு வழங்கிகள் தலா 60 விழுக்காட்டில் இயங்கினால், ஒன்று வீழும்போது மற்றொன்றின்மேல் 120 விழுக்காடு சுமை விழும். ஐந்தாம் படி, கணிப்பையும் நடப்பையும் தொடர்ந்து ஒப்பிட்டுத் திருத்துதல்.

எவ்வளவு திட்டமிட்டாலும் அளவுமீறிய சுமை வரக்கூடும். ஏரிக்குக் கரை கட்டுவோர் மிகுநீர் வழிந்தோடக் கலிங்கும் அமைப்பர். கலிங்கில்லா ஏரியில் மிகுநீர் கரையை உடைக்கும். கணினி அமைப்பிலும் மிகைச் சுமையை வாயிலிலேயே நிறுத்தி, உள்ளிருப்போரின் பணியைக் காக்கும் ஏற்பாடு வேண்டும்.

மேகக் கணிமையில் வழங்கிகளைத் தேவைக்கேற்பத் தானாகக் கூட்டிக் குறைக்க இயலும். இதனால் திட்டமிடல் தேவையற்றதாகிவிட்டது என்பது பொருந்தாது. புதிய வழங்கி பணிக்கு வரச் சிறிது காலம் ஆகும். செயலி வழங்கிகள் பெருகினும் அவையனைத்தும் சென்று சேரும் தரவுத்தளம் அவ்வெளிமையில் பெருகாது. செலவும் எல்லையின்றி உயரும்.

முடிவுரை

ஹெல்த்கேர்.கவ் மீட்புப் பணியின் அறிக்கை 2013 டிசம்பர் 1 அன்று வெளியாயிற்று. 400க்கும் மேற்பட்ட திருத்தங்கள், கூடுதல் கருவிகள், இடையறாக் கண்காணிப்பு ஆகியவற்றால் சராசரி மறுமொழி நேரம் 8 நொடியிலிருந்து 1 நொடிக்கும் குறைவாகவும், பிழை வீதம் 6 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவும் இறங்கியதாக அது தெரிவித்தது. ஒரே வேளையில் 50,000 பயனர்களைத் தாங்கும் நிலை எய்தப்பட்டது. அதற்கு மேல் வருவோரைக் காத்திருக்கச் செய்து, பின்னர் மின்னஞ்சல் வழியே அழைக்கும் வரிசை முறையும் புகுத்தப்பட்டது. திறப்பு நாளில் எதிர்பார்க்கப்பட்ட அளவை அத்தளம் இரு மாதங்களுக்குப் பின்னரே நெருங்கியது என்பது நோக்கத்தக்கது.

அம்மீட்புக்குப் பயன்பட்ட அளவைகளும் முறைகளும் புதியன அல்ல. பல்லாண்டுகளாக நூல்களில் உள்ளவையே. ஆகவே கொள்திறன் திட்டமிடலைக் கருவி வாங்கும் அலுவலாகக் கருதாது, மக்களின் காத்திருப்புக்கு எல்லை வகுக்கும் பொறுப்பாகக் கருதுதல் வேண்டும். காப்பீடு, தேர்வு முடிவு, ஓய்வூதியம், மருத்துவமனைப் பதிவு போன்றவை கணினி வழியே மட்டும் கிடைக்கும் காலத்தில், விடை தராத தளம் பூட்டிய அலுவலகத்துக்கு ஒப்பாகும். அமைப்பைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன், எத்தனை பேர், எச்செயலை, எத்தனை நொடிக்குள் முடிக்க இயலும் என்பதனை எழுத்தில் வரையறுத்து, சோதனையால் மெய்ப்பித்தல் தகவல் தொழில்நுட்பத் துறையினரின் கடமையாகும்.